வழிகாட்டும் தரை மக்கர் செய்தால்: கடலோரக் கட்டடங்களில் பழுது பார்க்கும் முறை

இராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று இந்தக் கரையில் எங்கே தரைக்குள் மின்பொருளைப் பதித்தாலும் அதைக் கெடுப்பவை மணலும் உப்பும் ஈரமும்தான். பதித்துக் கொடுப்பவர்களின் கையேடு பெரும்பாலும் ஏசி ஓடும் நகரத்து அலுவலகத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அதில் 'சென்சாரை மாற்றவும்' என்று இருக்கிற இடத்தில் இங்கே முதலில் எடுக்க வேண்டியது துடைப்பம். யாத்ரிகர் விடுதி, மருத்துவமனை, முதியோர் இல்லம் ஆகியவற்றில் திரும்பத் திரும்ப வரும் பழுதுகளை அறிகுறிவாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், பணம் தின்னும் காரணம் கடைசியில் வரும்.

பார்வையற்றவர்களுக்கும் முதியவர்களுக்கும் வழிகாட்ட நான் சொல்லும் தரையில் இருப்பவை இவை: மஞ்சள் புடைப்பு டைல்ஸ் (நீளவரி இருந்தால் நடக்கலாம், புள்ளி இருந்தால் நின்று கவனிக்க வேண்டும்), டைல்ஸுக்கு அடியில் சிறு டேக்குகள் (ரேடியோ அலையில் தன் எண்ணைச் சொல்லும் சில்லுகள்), அவற்றைப் படித்துக் குரலில் சொல்லும் வெள்ளைக்கோல் ரீடர் அல்லது கைபேசி, சுவரில் பீக்கன் (பேட்டரியில் ஓடி ரேடியோ அலை அனுப்பும் சிறு கருவி), கட்டில் அருகே மிதித்தால் வேலை செய்யும் சென்சார் பாய், இரவில் கழிப்பறை வரை எரியும் விளக்குப் பட்டை. எல்லாக் கட்டடத்திலும் எல்லாம் இருக்காது. உங்களிடம் இருப்பதற்கு உரிய தலைப்பை மட்டும் படியுங்கள்.

கையில் வைத்துக்கொள்ள: மல்டிமீட்டர், பழைய பல் துலக்கும் பிரஷ், காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரே, சிலிகான் கிரீஸ், ஒரு நாணயம், நன்றாக வேலை செய்வது தெரிந்த உதிரி டேக் ஒன்று, ஒரு பாட்டில் நல்ல தண்ணீர். போர் தண்ணீர் வேண்டாம். காரணம் போகப்போகத் தெரியும்.

## எதைத் தொடுவதற்கும் முன்பு

தரை பேசவில்லையா, தவறாகப் பேசுகிறதா என்பதை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். பேசாத தரையில் பார்வையற்றவர் தன் கோலையும் காலையும் நம்பி எப்போதும்போல நடப்பார். தவறாகப் பேசும் தரையை நம்பி நடந்தால் படியில் உருண்டுவிடுவார். ஆகவே தவறாகப் பேசினால் காரணம் தேடுவதெல்லாம் பிறகு. முதலில் குரலை அணைத்துவிடுங்கள். வாசலில் ஓர் ஆளை நிறுத்தி, வருகிறவர்களிடம் "இன்றைக்குக் குரல் வேலை செய்யாது" என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். சுவரில் காகிதம் ஒட்டுவது யாருக்குப் பயன்படும் என்று யோசித்துவிட்டு ஒட்டவும்.

## அறிகுறி 1: முழு வரிசையும் செத்துக் கிடக்கிறது

குரலும் இல்லை, விளக்கும் இல்லை, கன்ட்ரோல் பெட்டியில் பச்சைப் புள்ளியும் எரியவில்லை.

பிளக். சிரிக்காதீர்கள். கைபேசி சார்ஜ் போடுவதற்காக யாராவது அடாப்டரைப் பிடுங்கியிருப்பார்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருக்கும் பிளக் பாயின்ட் ஊருக்கே பொதுச்சொத்து. அதற்குத் தனிப் பெட்டி போட்டுப் பூட்டிவிடுங்கள்.

எம்சிபி (சுமை கூடினால் விழும் சுவிட்ச்) அல்லது ஈஎல்சிபி (மின்சாரம் கசிந்தால் விழும் சுவிட்ச்) விழுந்திருக்கிறது. தூக்கிவிட்டால் நிற்கிறதா? நின்றால் ஒரு நாள் கவனியுங்கள். உடனே விழுந்தால் அடாப்டரின் பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி தூக்குங்கள்.

- இப்போது நிற்கிறது என்றால் அடாப்டருக்குள் ஈரம் புகுந்திருக்கிறது. அடாப்டரை மாற்றுங்கள்.
- இப்போதும் விழுகிறது என்றால் அந்தப் பிளக் பாயின்ட்டிலோ அந்த லைனிலோதான் கசிவு. தரை மட்டத்தை ஒட்டியிருக்கும் பாயின்ட்களில் மாப் போடும் தண்ணீர் புகுவது இங்கே சகஜம்.

இந்த இடத்தில்தான் பலர் தரையைத் தோண்ட ஆரம்பிக்கிறார்கள். தரைக்குள் ஓடுவது 24 வோல்ட் நேர்மின்சாரம். அடாப்டர் ஒழுங்காக இருக்கும்வரை அந்தப் பக்கத்துக் கசிவால் ஈஎல்சிபி விழாது. விழுகிறது என்றால் கோளாறு 230 வோல்ட் பக்கம் இருக்கிறது. ஒரு விடுதியில் ஈஎல்சிபி விழுகிறது என்று பத்தடிக்கு டைல்ஸைப் பெயர்த்துப் போட்டிருந்தார்கள். குற்றவாளி சுவரில் இருந்த பாயின்ட். பல்லிமுட்டையும் உப்புமாக அதற்குள் ஒரு குடும்பமே இருந்தது.

ஈஎல்சிபியைத் தாண்டி நேரடியாக லைன் கொடுக்கும் யோசனையை யார் சொன்னாலும் அவரை அனுப்பிவிடுங்கள். ஈரக் காலோடு மனிதர்கள் நடக்கும் தரை இது. 230 வோல்ட் பக்கத்தில் பிளக்கைக் கழற்றி மாட்டுவதற்கு மேல் எதுவாக இருந்தாலும் உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன்தான் கை வைக்க வேண்டும்.

அடாப்டர் வெளியே தரும் வோல்ட்டேஜ். மல்டிமீட்டரை டிசியில் (நேர்மின்சாரம்) வைத்து அடாப்டரின் வெளிமுனையில் பாருங்கள். 23-க்கும் 25-க்கும் இடையில் காட்ட வேண்டும். ஒன்றும் காட்டவில்லை என்றால் அடாப்டர் போய்விட்டது. 24 காட்டியும் தரை சாவு என்றால் அடுத்த பத்திக்கு வாருங்கள்.

கனெக்டர். இந்தக் கரையின் நிரந்தர நோய் இது. பெட்டியிலிருந்து கிளம்பி ஒவ்வொரு இணைப்பிலும் வோல்ட்டேஜ் பார்த்துக்கொண்டே போங்கள். எந்த இணைப்பைத் தாண்டியதும் 24 என்பது 19, 17 என்று சரிகிறதோ, அந்த இணைப்பைத் திறங்கள். பெரும்பாலும் மூடியைத் திருகும்போதே நறநறவென்று கேட்கும். உள்ளே பச்சைக் களிம்பு பஞ்சுபோலப் பூத்திருக்கும். கறுப்புக் கம்பி முக்கால்வாசி நன்றாக இருக்க, சிவப்புக் கம்பியின் முனை மட்டும் கையோடு உதிர்ந்து வரும். உப்பு ஈரத்தில் நேர்மின்சாரம் ஓடினால் பிளஸ் பக்கத்து உலோகம்தான் முதலில் அரித்துப்போகும்.

லேசான களிம்பு என்றால் ஸ்பிரே அடித்து, பிரஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, சிலிகான் கிரீஸ் தடவி மூடுங்கள். கம்பி உதிர்ந்திருந்தால் செம்பு பளிச்சென்று தெரியும்வரை வெட்டிவிட்டுப் புதிய கனெக்டர் போடுங்கள். ஜெல் நிரப்பிய வகை உத்தமம். கம்பியை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுவது நாலு மாதத்துக்குக்கூடத் தாங்காது. வெயிலில் டேப்பின் பசை இளகி, மணலையும் ஈரத்தையும் ஒட்டி வைத்துக்கொள்ளும்.

நிபுணரைக் கூப்பிடும் இடம்: எல்லா இணைப்பும் சுத்தம், எல்லாவற்றிலும் 24 காட்டுகிறது, இருந்தும் பெட்டி உயிர் பெறவில்லை என்றால் கன்ட்ரோல் போர்டு போயிருக்கிறது. போர்டைப் பழுது பார்க்க அனுப்புவதைவிட மாற்றுவதே நல்லது. புதிய போர்டைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டவேண்டாம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

## அறிகுறி 2: ஒரே ஓர் இடத்தில் மட்டும் குரல் வரவில்லை

மேலே என்ன கிடக்கிறது? மிதியடி, பூந்தொட்டி, தண்ணீர் கேன், 'ஈரமான தரை' பலகை. மஞ்சள் வரிசை என்றால் பொருள் வைக்க வசதியாகக் கோடு கிழித்துக் கொடுத்த இடம் என்று நினைப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அகற்றிவிட்டுச் சோதியுங்கள். உலோகம் எதுவாக இருந்தாலும் டேக்கின் வாயை அடைத்துவிடும்: இரும்பு வலை மிதியடி, வாசல் நிலைக்கு அடித்த பித்தளைப் பட்டை, அலுமினியத் தாள் ஒட்டிய விரிப்பு.

கோலா, தரையா? உதிரி டேக்கை எடுத்துக் கோலின் நுனியில் காட்டுங்கள். அதையும் படிக்கவில்லை என்றால் தரை நிரபராதி. கோலின் சார்ஜைப் பாருங்கள். சார்ஜ் ஏறவே இல்லை என்றால் சார்ஜ் குத்தும் துளையில் உப்பும் வியர்வையும் கட்டியிருக்கும். காண்டாக்ட் கிளீனரால் சுத்தம் செய்யலாம். சார்ஜ் இருந்தும் படிக்கவில்லை என்றால் நுனிக்குள் இருக்கும் கம்பிச்சுருள் தட்டித்தட்டியே அறுந்திருக்கும்; நுனியை மட்டும் மாற்றினால் போதும். கைபேசியில் படிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு: கைபேசியின் எட்டும் தூரம் சில சென்டிமீட்டர்தான். தடித்த உறையும் அதன் முதுகில் ஒட்டிய காந்த வளையமும் அதையும் தின்றுவிடும்.

மணல் படிவு. ஆடிக்காற்றில் வாசலை ஒட்டிய முதல் சில டைல்ஸ்களில் வரிகளுக்கு இடைப்பள்ளம் தூர்ந்துவிடும். டேக் இதனால் சாகாது. ஆனால் கோலின் நுனி மேலே மிதந்துபோய், படிக்கும் தூரத்தைத் தாண்டிவிடும். கூட்டுங்கள்.

டேக் செத்துவிட்டது. மேலே சொன்ன மூன்றும் இல்லை, நன்றாக வேலை செய்யும் கோல் அந்த ஓர் இடத்தில் மட்டும் ஊமை என்றால் டேக்கை மாற்ற வேண்டும். டைல்ஸை உடைக்காதீர்கள். பல அமைப்புகளில் இரண்டு டைல்ஸுக்கு இடையிலுள்ள கிரவுட்டில் (இடைவெளியை நிரப்பும் கலவையில்) சிறிய குச்சி வடிவ டேக்கைச் சொருகி எபாக்ஸிப் பசையால் மூடிவிடலாம். புதிய டேக்கின் எண்ணைப் பெட்டியில் பதிவது பதித்தவர்களின் வேலை. கைபேசியில் எண்ணை அனுப்பினால் பலர் நேரில் வராமலே செய்து கொடுக்கிறார்கள்.

வரிசையாகப் பல டேக்குகள் ஒரே சமயத்தில் ஊமை. அடியில் எதையோ புதிதாகப் போட்டிருக்கிறார்கள். குழாய் வேலைக்குத் தோண்டி, மூடும்போது இரும்புத் தகடு வைத்து மூடிய கதை உண்டு. இதற்கு உங்களால் ஆவது ஒன்றுமில்லை. பதித்தவர்களைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: பேசுகிறது, ஆனால் தவறாகச் சொல்கிறது

குரலை அணைத்துவிட்டீர்களா? இல்லையென்றால் அணைத்துவிட்டு வந்து படியுங்கள்.

### ஒரு பக்கமிருந்து வந்தால் சரி, மறுபக்கமிருந்து வந்தால் தவறு

அதிகமாக வருவதும், யாரும் பழுது என்று ஒப்புக்கொள்ளாததும் இதுதான். தங்கச்சிமடத்திலிருந்து மருத்துவமனைக்கு வந்து போகும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "தம்பி, போகும்போது கழிப்பறை இடது பக்கம் என்றது. திரும்பி வரும்போதும் இடது பக்கம் என்கிறதே, கழிப்பறையும் என் கூடவே நடந்து வருகிறதா?"

டேக்குக்கு நீங்கள் எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்று தெரியாது. அதில் இடம், வலம் என்று பதிந்தால் பாதிப் பேருக்குப் பொய் சொல்லும். இரண்டு டேக்குகளை அடுத்தடுத்து வைத்து, எது முதலில் தட்டுப்பட்டது என்பதிலிருந்து திசை கண்டுபிடிக்கும் அமைப்பு உண்டு. அது இருந்தால் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் குரலை மாற்றிப் பதியுங்கள். நம் ஊரில் கிழக்கு, மேற்கு சொல்லாமல் யாரும் வழி சொல்வதில்லை. "மேற்கே கழிப்பறை, கிழக்கே மாடிப்படி" என்றால் உள்ளூர்க்காரர்களுக்கு உடனே புரியும். வெளியூர் யாத்ரிகர்களுக்காக "வாசல் பக்கம்", "லிஃப்ட் பக்கம்" என்று சேர்த்துவிடுங்கள். பதிவை மாற்றச் செலவு அனேகமாக இல்லை, ஒரு பிற்பகல் போதும்.

### சொல்வது சரி, ஆனால் தாமதமாகச் சொல்கிறது

இராமேஸ்வரம் விடுதிகளுக்கே உரிய சிக்கல் இது. முதலில் ஆங்கிலம், பிறகு இந்தி, கடைசியில் தமிழ் என்று பதிந்திருப்பார்கள். தமிழ் வாய் திறப்பதற்குள் ஆள் முதல் படியில் நிற்பார். எந்த வரிசையில் மாற்றி வைத்தாலும் யாரோ ஒருவருக்குக் கடைசி இடம்தான்.

படிக்கட்டு, சரிவு, கதவு மூன்றுக்கும் மொழியே வேண்டாம். டேக் தட்டுப்பட்டதும் முதலில் ஒரு குறுகிய மணிச்சத்தம் வரட்டும், சொற்கள் பிறகு வரலாம். கோலிலேயே மொழி தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் வரவேற்பில் கோலைக் கொடுக்கும்போதே கேட்டு மாற்றிக் கொடுங்கள். அப்படியும் தாமதம் என்றால் டேக் ஆபத்தான இடத்துக்கு மிக அருகில் இருக்கிறது. எச்சரிக்கை டேக்கை இரண்டு, மூன்று நடை முன்னால் இன்னொரு டேக்காக வைப்பதே வழி.

### முற்றிலும் வேறு இடத்தைச் சொல்கிறது

டைல்ஸ் வேலை ஏதாவது சமீபத்தில் நடந்ததா என்று கேளுங்கள். பெயர்த்த டைல்ஸைக் கொத்தனார் இடம் மாற்றிப் பதித்திருப்பார். அவருக்கு எல்லாம் ஒரே மஞ்சள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து ஒவ்வொரு டேக்கும் என்ன சொல்கிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுதியதைப் பதித்தவர்களுக்கு அனுப்பினால் எண்களை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மறுபடி பெயர்க்க வேண்டியதில்லை.

### அமாவாசைக்கு மட்டும் தவறாகச் சொல்கிறது

ஆடி அமாவாசை, தை அமாவாசை என்று கூட்டம் நெரியும் நாள்களில் மட்டும் "லிஃப்ட் அருகில்" என்று வராந்தாவின் நடுவில் சொல்கிறது. இது பேய் வேலை அன்று, பீக்கன் வேலை. சுவரில் மாட்டிய பீக்கனின் ரேடியோ அலையை மனித உடம்பு உறிஞ்சிக்கொள்ளும். கூட்டத்தில் தூரக் கணக்கு தப்பிவிடும். பீக்கனைத் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டினால் ஓரளவு சரியாகும். எதிரில் இரும்பு பீரோ இருந்தால் நகர்த்துங்கள். பொத்தான் பேட்டரியைக் கழற்றி மல்டிமீட்டரில் பாருங்கள். 3 வோல்ட் பேட்டரி 2.7-க்குக் கீழே காட்டினால் மாற்றிவிடுங்கள்.

இருந்தாலும் என் முடிவு உறுதியானது: பீக்கனை வைத்து 'வரவேற்பு இந்தப் பக்கம்' என்று சொல்லலாம், 'இங்கே படி தொடங்குகிறது' என்று சொல்லக் கூடாது. அதைச் சொல்லும் உரிமை காலடியில் இருக்கும் டேக்குக்கும் புள்ளி டைல்ஸுக்கும் மட்டும் இருக்கட்டும். உங்கள் கட்டடத்தில் மாறியிருந்தால் மாற்றச் சொல்லிக் கேளுங்கள். செலவாகும்தான், ஆனால் இங்கே கஞ்சத்தனம் வேண்டாம்.

## அறிகுறி 4: ஆளில்லாமலே விளக்கு எரிகிறது, குரல் வருகிறது

நள்ளிரவில் கழிப்பறை வரை விளக்கு எரிந்து, எரிந்து அணையும். முதியோர் இல்லத்தில் இதற்குக் கதைகள் கிளம்பிவிடும்.

சென்சார் பாயின் மேல் சுமை. கட்டில் கால், ஆக்சிஜன் சிலிண்டர் வண்டி, நாற்காலி. நகர்த்துங்கள்.

மணல்துகள். பாயைச் சுருட்டாமல் ஓரத்தைத் தூக்கி அடியில் பாருங்கள். கடுகளவு சங்குத்துண்டு ஒன்று போதும், பாய் 'மிதித்துவிட்டார்கள்' என்றே நினைத்துக்கொண்டிருக்கும். தரையையும் பாயின் அடிப்பக்கத்தையும் துடைத்துவிட்டு மறுபடி விரியுங்கள்.

ஈரம். பாயின் கம்பியைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓமில் வைத்து இரு முனைகளையும் தொடுங்கள். பெரும்பாலான பாய்களில் ஆள் மிதிக்காதபோது இணைப்பே இருக்கக் கூடாது.

- ஒன்றும் காட்டவில்லை என்றால் பாய் நலம். கோளாறு கம்பியிலோ பெட்டியிலோ இருக்கிறது.
- பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் உள்தகடுகள் ஒட்டிவிட்டன. பாயை மாற்றுங்கள்.
- சில ஆயிரம் ஓம் காட்டி முள்ளோ எண்ணோ தத்தளித்தால் உள்ளே ஈரம். நிழலில், மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயப்போடுங்கள். வெயிலில் போட்டால் ஒட்டு விட்டு வளைந்துவிடும்.

தரைக்கு அடியிலிருந்து ஏறும் ஓதம். காயவைத்து விரித்த பாய் ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி மறுபடி ஈரமாகிறதா? ஒன்றரை அடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை அந்த இடத்தில் வைத்து நாலு ஓரமும் டேப் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம் கழித்துத் திறங்கள். தாளின் அடியில் துளித்துளியாக நீர் கோத்திருந்தால் தரைவழியே ஓதம் ஏறுகிறது. அதற்கு எந்த சென்சாரை மாற்றியும் பயனில்லை. கட்டடப் பொறியாளரைக் கூப்பிட வேண்டிய வேலை, செலவும் கொஞ்சமல்ல. அதுவரை பாயைச் சற்று உயரமான ரப்பர் தட்டின் மேல் வைக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். வேண்டாம். கட்டிலிலிருந்து இறங்குகிறவருக்கு அதுவே தடுக்கும். சுவரில் அசைவு உணரும் விளக்கு ஒன்றை மாட்டிச் சமாளியுங்கள்.

## அறிகுறி 5: ஆள் நின்றும் விளக்கு எரியவில்லை

பாயின் மேல் கெட்டியான கம்பளமோ பிளைவுட்டோ போட்டிருந்தால் எடுங்கள். மெலிந்த உடம்புக்காரர்களுக்கும் குழந்தைகளுக்கும் மட்டும் எரியவில்லை என்றால் பெட்டியில் எடை அளவு உயர்த்தி வைக்கப்பட்டிருக்கிறது. அறிகுறி 4-ஐச் 'சரிசெய்ய' யாரோ உயர்த்தியிருப்பார்கள். குறைத்துவிட்டு, அந்த வார்டிலேயே மிக மெலிந்தவரை நிற்கவைத்துப் பாருங்கள். மின்வெட்டில் மட்டும் எரியவில்லை என்றால் அந்த லைன் இன்வெர்ட்டரில் சேரவில்லை. எலக்ட்ரீசியனுக்கு அரைமணி நேர வேலை.

## அறிகுறி 6: புடைப்பு காலுக்கும் கோலுக்கும் தட்டுப்படவில்லை

இது முழுக்க மின்சாரமில்லாத பகுதி. ஜப்பானின் ஒகயாமாவில் 1967-இல் செய்ச்சி மியாகே முதலில் பதித்த புடைப்புக் கற்களுக்கு பேட்டரி கிடையாது. கரண்ட் போனாலும் பெட்டி எரிந்தாலும் மிச்சமிருந்து வழிகாட்டுவது இதுதான். அதனாலேயே யாரும் இதைப் பழுதாகக் கணக்கில் எடுப்பதில்லை.

அழுக்கும் மெழுகும். பள்ளத்தில் மணலும் பாலிஷும் சேர்ந்து கெட்டிப்பட்டிருக்கும். பிரஷும் சோப்பு நீரும் போதும். ஆசிட் வேண்டவே வேண்டாம்: கிரவுட்டை அரிக்கும், எஃகுக் குமிழ்களைப் பொத்தல் போடும்.

தேய்மானம். ஸ்கேலை நிறுத்திப் புடைப்பின் உயரத்தைப் பாருங்கள். புதிதில் சுமார் 5 மில்லிமீட்டர் இருக்கும். அதில் பாதிதான் இருக்கிறது என்றால் அந்தத் துண்டை மட்டும் மாற்றுங்கள். பெரும்பாலும் வாசலும் லிஃப்ட் முன்பும்தான் தேயும்.

மங்கிய நிறம். ஓரளவு பார்வை உள்ளவர்கள் நிறத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். கைபேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். படத்தில் வரிசை தரையோடு கரைந்துபோனால் அவர்கள் கண்ணுக்கும் அப்படித்தான். சந்தன நிறத் தரையில் மஞ்சள் வைத்தவர்களை என்ன சொல்வது? இருபுறமும் கருஞ்சாம்பல் பட்டை ஒட்டினால் தேறும்.

### வரிசை நன்றாக இருக்கிறது, யாரும் அதில் நடப்பதில்லை

வெறுங்காலோடு நீங்களே நடந்து பாருங்கள். விடுதிகளில் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வருகிறார்கள் என்பதைப் பதித்தவர்கள் நினைத்துப் பார்ப்பதில்லை. வெயில் விழும் தாழ்வாரத்தில் எஃகுக் குமிழ்கள் பகல் இரண்டு மணிக்கு உள்ளங்காலைச் சுட்டுவிடும். ஒரு முறை சுட்ட வரிசைக்கு யாரும் திரும்ப மாட்டார்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் ரப்பர் வகை அல்லது பீங்கான் வகைக்கு மாறுங்கள். குமிழ்களில் பழுப்புத் துரு திட்டுத்திட்டாக இருந்தால் அது 304 வகை எஃகு. கடற்கரையில் 316 வகை கேட்டு வாங்க வேண்டும். விலை கூடுதல்தான்.

## அறிகுறி 7: தரை வழுக்குகிறது

அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, கோயிலுக்குள் 22 தீர்த்தங்களிலும் நனைந்து, சொட்டச் சொட்ட விடுதிக்குத் திரும்புகிறவர்கள் நடக்கும் தரை வேறு எந்த ஊரிலும் இல்லை. வாசலிலேயே ஈரம் உறிஞ்சும் மிதியடி போடுங்கள். அது மஞ்சள் வரிசையை மூடாமல், வரிசைக்கு இருபுறமும் இரண்டு துண்டாக இருக்கட்டும்.

யாரும் குளிக்காத விடிகாலையிலும் தரை பிசுபிசுக்கிறதா? மாப் வாளியைப் பாருங்கள். போர் தண்ணீரில் துடைத்தால் தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் படலமாக நிற்கும். இரவில் அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு தரையை வழவழப்பாக்கும். காவிரித் தண்ணீரைத் தரைக்குக் கொடுக்க யாருக்கும் மனம் வராது, தெரியும். முழுத் தரைக்கும் வேண்டாம். மஞ்சள் வரிசையையும் அதன் இருபுறம் ஓரடியையும் மட்டும் கடைசியாக ஒரு முறை நல்ல தண்ணீரில் துடையுங்கள். அதற்கு ஒரு குடம் போதும். மேலே சொன்ன கனெக்டர் களிம்பும் இதனால் குறையும்.

துடைத்தும் வழுக்கினால் பளபளப்பு டைல்ஸ் போட்டிருக்கிறார்கள். வழுக்கல் தடுக்கும் பூச்சு அடிக்கலாம், ஆனால் தேய்ந்துபோகும், திரும்ப அடிக்க வேண்டும். சொரசொரப்பு டைல்ஸ் மாற்றுவதே நிலையான வழி.

## அறிகுறி 8: டைல்ஸ் தூக்கிக்கொள்கிறது, சக்கர நாற்காலி திணறுகிறது

இரண்டையும் சேர்த்து எழுதக் காரணம், ஒன்றிலிருந்து மற்றொன்று வருகிறது. டைல்ஸின் ஓரம் ஒரு நூல் உயர்ந்தாலே சக்கர நாற்காலியின் முன்சக்கரம் அதில் முட்டி நிற்கும். வாக்கர் பிடித்து நடக்கிறவர் தடுக்கி விழுவார்.

நாணயத்தால் ஒவ்வொரு டைல்ஸாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் ஒட்டியிருக்கிறது. பொள்ளென்று கேட்டால் அடியில் விட்டுவிட்டது, சாக்பீஸால் குறியிடுங்கள். இனிக் கிரவுட் கோட்டைப் பாருங்கள்.

- வெள்ளைப் பொடி இல்லை, ஒன்றிரண்டு டைல்ஸ்தான் பொள்ளல் என்றால் கொத்தனாரைக் கொண்டு அவற்றை மட்டும் எடுத்து, நல்ல டைல்ஸ் பசையில் பதியுங்கள். எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றின் முதுகிலும் எண்ணும் திசை அம்புக்குறியும் போடச் சொல்லுங்கள். போடாவிட்டால் என்ன ஆகும் என்பது அறிகுறி 3-இல் இருக்கிறது.
- வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது, வரிசையாகப் பொள்ளல் என்றால் அடிக்கலவையில் உப்பு இருக்கிறது. உப்புத் தண்ணீரில் குழைத்திருப்பார்கள், அல்லது கழுவாத மணல். மேலே எத்தனை முறை துடைத்தாலும் பொடி திரும்ப வரும். அந்தத் துண்டையே பெயர்த்து, கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு நல்ல தண்ணீரில் புதிதாகப் போட வேண்டும். கொத்தனார், எலக்ட்ரீசியன், பதித்தவர்கள் மூவரும் ஒரே நாளில் இருக்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். ஒருவர் பின் ஒருவர் வந்தால் முந்தியவர் செய்ததை அடுத்தவர் அறுப்பார்.

டைல்ஸ் எல்லாம் சமமாக இருந்தும் நாற்காலி திணறினால் மஞ்சள் வரிசை வழியின் நடுவில் ஓடுகிறதா என்று பாருங்கள். அகலமான வராந்தா என்றால் வரிசைக்குப் பக்கத்தில் நாற்காலி ஓட வெற்றுத்தரை விடுவது கடினமில்லை. அந்த இடத்தில் பெஞ்சு போட்டிருந்தால் பெஞ்சை எடுங்கள். குறுகலான வழியில் புடைப்பு வரிசையைச் சுவர்ப் பக்கம் ஒதுக்க வேண்டும். சரிவுப்பாதை ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளமாவது இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள். அதற்குக் குறைவாக இருந்தால் தரையில் குறை இல்லை, சரிவை இடித்துக் கட்ட வேண்டும்.

வேலை முடிந்ததும் கண்ணால் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பார்வையற்ற ஒருவர், சக்கர நாற்காலியில் வரும் ஒருவர், இருவரையும் வரவழைத்து, அவர்கள் செலவழிக்கும் நேரத்துக்குக் கூலி கொடுத்து, இரண்டு பக்கமிருந்தும் நடக்கச் சொல்லுங்கள். நீங்கள் கூடவே போங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். எந்த இடத்தில் அவர்கள் தயங்கி நிற்கிறார்களோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுவிட்டு, வேலையாட்களை இன்னும் அனுப்பாமல் வைத்திருங்கள்.